ஊசியும் நிய்யத்தும்

தையல் தெரிந்த பெண்மணிகள் நம் வீடுகளில் பலர் உண்டு. ளுஹர் தொழுது, வீட்டு வேலைகளும் ஓய்ந்த பிற்பகலில், தையற்கடையில் மிஞ்சிய துண்டுத் துணிகளையும், நைந்த சேலைகளையும், பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன சட்டைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு அமர்கிறார்கள். சதுரம் சதுரமாக வெட்டி, நிறம் பார்த்து அடுக்கி, ஒன்றோடொன்று இணைத்துப் போர்வையாகவும் விரிப்பாகவும் தைக்கிறார்கள். யாரும் கேட்டுத் தைப்பதில்லை, கூலிக்கும் தைப்பதில்லை. தைப்பதில் அவர்களுக்கு ஓர் இன்பம், அவ்வளவுதான்.

இதைப் பற்றி வீட்டார் இரு விதமாகப் பேசக் கேட்கிறோம். "கடைக்குப் போனால் கால் மணி நேரத்தில் ஒரு போர்வை வாங்கி வரலாம்; இதற்கு ஒரு மாதம் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா? அந்நேரத்தில் எத்தனை ஜுஸ்வு ஓதியிருக்கலாம்!" என்பர் ஒரு சாரார். "பாவமான காரியம் எதுவும் நடக்கவில்லையே, பொழுது போக வேண்டாமா?" என்பர் மறு சாரார்.

முதலாமவர் கடை விலையையும் மறுமை நன்மையையும் ஒரே மூச்சில் பேசிவிடுகிறார். இரண்டாமவரோ, பாவமில்லை என்ற மட்டில் நின்றுவிடுகிறார். இவ்விருவருக்கும் நடுவே கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. தேவையும் இல்லாமல், கூலியும் இல்லாமல், மன மகிழ்வுக்காக மட்டுமே கை செய்யும் வேலைக்கு நம் மார்க்கத்தில் என்ன இடம்? அது வீணா? ஆகுமானதா? அல்லது வணக்கமாகவும் ஆகக்கூடியதா? சிறிய விஷயம் போலத் தோன்றினாலும், ஒரு பெண்மணியின் வாழ்நாளில் பல்லாயிரம் மணி நேரங்கள் இதில் கழிகின்றன. ஆயுளின் ஒரு பகுதியைப் பற்றிய கேள்வி சிறிய கேள்வியாக இருக்க முடியாது.

கைத்தொழிலின் கண்ணியம்

ஊசி பிடிப்பது தாழ்ந்த வேலை என்று எண்ணுவோர் முதலில் ஒன்றை நினைவுகூர வேண்டும். நபி தாவூது அலைஹிஸ்ஸலாம் அவர்களுக்கு இரும்பை மிருதுவாக்கிக் கொடுத்து, கவசங்கள் செய்யுமாறு பணித்ததாக அல்லாஹுத்தஆலா திருமறையின் ஸபஃ அத்தியாயத்தில் அறிவிக்கின்றான். கவசத்தின் வளையங்களைச் சரியான அளவில் பிணைக்குமாறு அங்கே கட்டளையும் வருகிறது. அப்பிணைப்பைக் குறிக்க வந்துள்ள சொல் 'ஸர்து' என்பதாகும். தோலைத் துளையிட்டுத் தைப்பதற்கும் அரபியர் இதே சொல்லை வழங்குவர். ஆணி மெல்லியதாகி ஆடிவிடாமலும், தடித்து வளையத்தைப் பிளந்துவிடாமலும் அளவோடு அமைய வேண்டும் என்பதே இதன் கருத்தென்று முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள். ஒரு தையலின் நேர்த்தியைக் குறித்து, படைத்தவனே தன் நபிக்குக் கட்டளையிட்டிருக்கிறான்! கைவேலையை அற்பமாகப் பேச இதன் பிறகு நமக்கு எப்படி நா எழும்?

நம் பெருமானார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வீட்டில் இருக்கும்போது தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள், தம் செருப்பைத் தாமே செப்பனிட்டுக்கொள்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஹள்ரத் உமர் (ரலி) அவர்கள் முஃமின்களின் தலைவராக இருந்த காலத்தில், அவர்களுடைய இரு தோள்களுக்கிடையே ஒன்றன்மேல் ஒன்றாக 3 ஒட்டுகள் போட்டிருந்ததைத் தாம் கண்டதாக அனஸ் (ரலி) அவர்கள் கூறிய செய்தி இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் பதிவாகியிருக்கிறது.

ஆனால், இவையெல்லாம் தேவைக்காகச் செய்யப்பட்டவை. கிழிந்ததைத் தைப்பது வேறு. கிழியாத நேரத்தில் தையலைத் தேடிப் போவது வேறு. ஆகவே நம் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

பொழுது யாருடையது?

பொழுதுபோக்கு என்ற சொல்லைச் சிந்தித்துப் பாருங்கள். பொழுதை நாம் போக்க வேண்டியதே இல்லை. அது தானே போய்க்கொண்டிருக்கிறது. ஆரோக்கியம், ஓய்வு நேரம் ஆகிய 2 நிஃமத்துகளின் விஷயத்தில் மக்களில் பெரும்பாலோர் நஷ்டமடைந்து விடுகிறார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது புகாரி ஷரீஃபில் காணப்படுகிறது.

இதைக் கேட்டதும், ஓய்வே கூடாது, களிப்பே கூடாது என்று முடிவு கட்டிவிடுவதும் தவறு. ஹன்ளலா (ரலி) என்ற ஸஹாபி ஒருமுறை தம்மை முனாஃபிக் என்றே சொல்லிப் பதறினார்கள். பெருமானாரின் சபையில் இருக்கும்போது சுவர்க்க நரகத்தைக் கண்ணால் காண்பது போல இருக்கிறது; வீட்டுக்குப் போய் மனைவி மக்களோடும் சொத்துகளோடும் கலந்துவிட்டால் பெரும்பகுதி மறந்துவிடுகிறது என்பது அவர்களின் கவலை. மனித உள்ளத்துக்கு அதற்கொரு நேரமும் இதற்கொரு நேரமும் உண்டு என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் ஆறுதல் கூறினார்கள். முஸ்லிம் ஷரீஃபில் இச்செய்தி உள்ளது. எனவே களைத்த மனம் ஊசி நூலில் இளைப்பாறினால் அதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அது முபாஹ், ஆகுமான செயல்.

ஆயினும், முபாஹ் என்றால் மலக்குகள் கண்ணை மூடிக்கொள்ளும் இடம் என்று பொருளல்ல. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (வஃபாத்து ஹிஜ்ரி 505) இஹ்யாவில் நிய்யத்தைப் பற்றிய பகுதியில் நறுமணத்தை உதாரணம் காட்டுகிறார்கள். நறுமணம் பூசுவது ஆகுமானது. பெருமையடிப்பதற்காகப் பூசினால் அதுவே குற்றமாகிறது. ஜும்ஆவின் சுன்னத்தைப் பேணவும், பள்ளியில் அருகே அமர்பவருக்கு இதமாக இருக்கவும் பூசினால் அதுவே வணக்கமாகிறது. புட்டி ஒன்று, மணமும் ஒன்று. பூசுபவரின் உள்ளத்தில் இருப்பது வேறு வேறு. ஊசியின் நிலையும் இதுதான்.

சரி, நம் நிய்யத்து எது என்பதை நாமே எப்படி அறிவது? நல்ல நிய்யத்துதான் என்று வாயால் சொல்லிக்கொள்வது எளிது. உள்ளத்தின் நிலையைக் காட்டும் வெளி அடையாளங்கள் சில இருக்கின்றன. அவற்றுள் ஒன்று துணியிலேயே தெரியும்.

துணி எங்கிருந்து வந்தது?

ஒட்டுத் துணிப் போர்வை ஏழ்மையிலிருந்து பிறந்த கலை. வங்காளத்து முஸ்லிம் பெண்கள் நெடுங்காலமாகத் தைத்து வரும் காந்தா என்னும் போர்வையை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் கந்தை என்கிறோமே, அதற்கு உறவான சொல்தான் இது. கட்டி நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, பழைய சேலையின் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே நெருக்கமாக ஓட்டுத் தையல் போடுவார்கள். சிந்து நாட்டுப் பெண்கள் ரல்லி என்ற போர்வையைத் துண்டுத் துணிகளால் தைக்கிறார்கள். கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்களில் முஸ்லிம்களும் உண்டு. அங்குள்ள பெண்கள் பழைய சேலை ஒன்றைத் தரையில் விரித்து, அதன் விளிம்பிலிருந்து உள்நோக்கித் துண்டுகளைத் தைத்துக்கொண்டே நடுவுக்கு வருவார்கள். அவர்களில் முஸ்லிம் பெண்கள் தைத்த போர்வைகள் சிலவற்றில் இளம்பிறை வடிவத்தைக் காணலாம். நம் தமிழகத்தில் குளிர் குறைவாதலால் இக்கலை இவ்வளவு வளரவில்லை. என்றாலும், பிறந்த குழந்தையைக் கிடத்த உம்மம்மாவின் பழைய நூல்சேலையை மடித்துத் தைத்துப் போடுவது நமக்குப் புதிதல்ல. பலமுறை துவைத்து மெத்தென்றாகிய அத்துணி பச்சிளம் மேனியை உறுத்தாது.

இப்போர்வைகளின் அழகு எங்கிருந்து வருகிறது? வீணாகப் போகவிருந்த ஒன்றை வீணாக விடாத மனத்திலிருந்து வருகிறது. இஸ்ராஃப் எனும் வீண்விரயத்துக்கு நேர் எதிரானது அம்மனம்.

இக்கலை பொழுதுபோக்காக மாறும்போது ஒரு விபரீதம் நேர்வதுண்டு. துண்டு கிடைப்பதற்காகப் புதுத்துணியை மீட்டர் கணக்கில் வாங்கி வெட்டுகிறார்கள். அழகான துணி கண்ணில் பட்டால் வாங்கி அடுக்கி வைக்கிறார்கள். பீரோவின் ஒரு தட்டு நிறைந்து மறு தட்டும் நிறைகிறது. தைத்து முடித்ததோ ஒன்றிரண்டு. இது இக்காலத்து வியாதி என்று எண்ணிவிட வேண்டாம். ஹிஜ்ரி 597இல் வஃபாத்தான இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள், இப்லீஸின் மயக்கு வேலைகளைப் பற்றித் தாம் எழுதிய நூலில் தம் காலத்தவர் சிலரைக் கண்டிக்கிறார்கள். முன்னோரான ஸாலிஹீன்கள் வறுமையால் ஒட்டுப்போட்ட ஆடை அணிந்தார்கள். பின்வந்த சிலரோ பல நிற நல்ல துணிகளை வேண்டுமென்றே கிழித்து, ஒட்டுப்போட்ட ஆடை போலத் தைத்து அணிந்து திரிந்தார்கள். முன்னோரின் ஒட்டு துணியைக் காத்தது. இவர்களின் ஒட்டு துணியை அழித்தது. தோற்றம் ஒன்றுதான், உள்ளே இருந்த பொருள் தலைகீழாகிவிட்டது.

புதுத்துணி வாங்கித் தைப்பது ஹராம் என்று நாம் கூற வரவில்லை. ஒருவருக்குக் கொடுப்பதற்கென்று நல்ல துணி வாங்கித் தைப்பது நற்செயலே. ஆனால், வாங்கும் ஆசை வளர்ந்து தைக்கும் கை ஓய்ந்துவிட்டால், அங்கே கைவேலை இல்லை. கடைத்தெருதான் வீட்டுக்குள் வந்திருக்கிறது.

யாருக்காகத் தைத்தாள்?

ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் புகாரி ஷரீஃபின் ஜனாஸா பாடத்தில் இடம் பெற்றிருக்கிறது. கரையிட்டு நெய்த போர்வை ஒன்றை ஒரு பெண்மணி நாயகம் (ஸல்) அவர்களிடம் கொண்டு வந்தார். தம் கையாலேயே நெய்ததாகவும், அவர்களுக்கு அணிவிக்கவே கொண்டு வந்ததாகவும் சொன்னார். பெருமானாருக்கும் அது தேவையாக இருந்தது, ஏற்றுக்கொண்டார்கள். அதையே இடுப்பில் உடுத்தி வெளியே வந்தார்கள். அப்போது ஒருவர் அதன் அழகைப் புகழ்ந்து, தமக்குத் தரும்படி கேட்டுவிட்டார். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் நாயகத்துக்கு ஏது? கொடுத்துவிட்டார்கள். கூடியிருந்தவர்கள் அம்மனிதரைக் கடிந்துகொண்டபோது, உடுத்துவதற்காகக் கேட்கவில்லை, தம் கஃபனாக வேண்டும் என்றே கேட்டதாக அவர் பதில் கூறினார். அவ்வாறே அதுவே அவருக்குக் கஃபனாயிற்று.

இந்த ஹதீஸில் அப்பெண்மணியின் பெயர் சொல்லப்படவில்லை. தறியில் அவர் எத்தனை நாள் அமர்ந்தாரோ! நெய்யும்போதே அவர் உள்ளத்தில் ஒரு மனிதர் இருந்தார். இதை அவர்கள் அணிய வேண்டும் என்ற எண்ணம் ஒவ்வொரு இழையிலும் இருந்தது. கொடுத்த பிறகு அந்தப் போர்வை அவர் எண்ணிய இடத்தில் தங்கவில்லை. இன்னொருவர் கைக்குப் போய், இறுதியில் மண்ணுக்குள் போய்விட்டது. என்றாலும் அவர் உழைப்பில் ஓர் இழைகூட வீண் போகவில்லை. ஈருலகத் தலைவரின் மேனியைத் தொட்டு, ஒரு முஃமினின் மண்ணறை வரை துணை சென்றது அன்றோ அது!

கைவேலையைப் பற்றி நாம் சொல்ல விரும்பும் முக்கியமான கருத்து இதுவே: தைப்பவளின் கண் துணியின் மீது இருக்கலாம், அவள் உள்ளம் அதைப் போர்த்தப் போகிறவரின் மீது இருக்கட்டும். கைவேலைக்கு உயிர் அங்கேதான் வருகிறது. யாருக்கு என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் தைக்கப்பட்ட போர்வை, எவ்வளவு அழகாக இருந்தாலும் இன்னும் முடியாத போர்வைதான்.

அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களைப் பாருங்கள். தமக்குப் பின் தம்மை முதலில் வந்தடைபவர், தம் மனைவியரில் நீண்ட கையுடையவரே என்று பெருமானார் (ஸல்) முன்னறிவித்திருந்தார்கள். நம் அன்னையர் தங்கள் கைகளை அளந்துகூடப் பார்த்தார்கள். முதலில் வஃபாத்தானவர் ஸைனப் (ரலி) அவர்களே. தோலைப் பதனிட்டும் தைத்தும் தம் கையால் உழைத்துத் தர்மம் செய்தவர் அவர். நீண்ட கை என்பதன் பொருள் அப்போதுதான் விளங்கிற்று.

மகிழ்ச்சியும் நிய்யத்தும்

இங்கே ஒரு சகோதரி நம்மிடம் நியாயமாகவே கேட்கலாம். "மன நிம்மதிக்காகத்தான் ஊசியைத் தொட்டேன். அதிலும் தர்மம், நிய்யத்து என்று பாரத்தை ஏற்றிவிட்டால் எனக்கு மிஞ்சுவது என்ன?"

நிய்யத்து மகிழ்ச்சியைப் பறிப்பதில்லை. எல்லாவற்றிலும் இஹ்ஸான் எனும் நேர்த்தியை அல்லாஹ் விதியாக்கியிருக்கிறான் என்று ஹதீஸ் கூறுகிறது. நேராக ஓடிய தையலைக் கண்டு உள்ளம் குளிர்வது அந்த நேர்த்தியின் கூலிகளில் ஒன்று. அதை ரசிப்பதில் தவறில்லை. யாருக்கு என்றால், ஏழைக்கு மட்டும் என்றும் பொருளல்ல. தன் மனைவி மக்களுக்குச் செலவிடுவதும் ஸதகாவாகும் என்றிருக்க, தன் குழந்தையின் தூளிக்குத் தைப்பது நன்மையாகாதா? முதுமையில் கால் சில்லிட்டுப்போகும் மாமியாருக்குத் தைப்பது ஆகாதா? தனக்கென்றே ஒன்று தைத்து வைத்துக்கொண்டாலும் தடையில்லை. நம் உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு. ஒருவரை நினைத்துத் தைக்கும்போது அலுப்புக் குறைந்து மகிழ்ச்சி மிகுவதைத் தைப்பவர்களே அறிவார்கள்.

நிய்யத்தைக் கெடுப்பது வேறொன்று. போர்வை முடிந்ததும், அது யாருக்குப் பயன்படும் என்று தேடும் முன்பே கைப்பேசியில் படம் பிடித்துப் பலருக்கும் அனுப்பி, எத்தனை பேர் புகழ்ந்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பதுதான் அது. பாராட்டு வராவிட்டால் அடுத்ததைத் தைக்க மனம் வருவதில்லை என்றால், ஊசி யாருக்காக ஓடியது என்பது அங்கே வெளிப்பட்டுவிடுகிறது.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை

இதுவரை சகோதரிகளிடம் பேசினோம். இனி, கடை விலையைச் சொல்லி மனைவியின் கைவேலையை எள்ளி நகையாடும் சகோதரர்களிடம் பேசுவோம். மாலை முழுதும் தேநீர்க் கடையில் அரசியல் பேசிக் கழிக்கும் நாம், ஒரு மணி நேரம் ஊசி பிடித்த மனைவியிடம் மட்டும் நேரத்துக்குக் கணக்குக் கேட்கிறோம். சமைப்பதும் துவைப்பதும்கூட மனைவியின் மீது கடமையல்ல என்பது ஷாபிஈ மத்ஹபின் நூல்களில் காணப்படும் சட்டம். அவள் மனமுவந்து செய்வதை நாம் உரிமையாக எண்ணிக்கொண்டு, அதற்குப் பின் எஞ்சும் நேரத்தையும் நமக்குச் சொந்தமாக்கப் பார்க்கிறோம்.

அவள் தைத்த போர்வையை ஒருவர் விலை கொடுத்து வாங்கினால் அந்தப் பணம் அவளுடையது. ஆண்களுக்கு அவர்கள் சம்பாதித்ததில் பங்கு இருப்பது போலவே பெண்களுக்கும் அவர்கள் சம்பாதித்ததில் பங்கு உண்டு என்று அந்நிஸா அத்தியாயத்தில் இறைவன் அறிவித்துவிட்டான். துணி, நூல் வாங்கியது கணவனின் பணம் என்றால் அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அவள் கை உழைப்பின் பயனைக் கேளாமல் எடுத்துக்கொள்வதற்கு மார்க்கத்தில் வழியில்லை.

அதே சமயம் சகோதரிகளும் தங்கள் பொழுதை விசாரித்துக்கொள்ள வேண்டும். பிஷ்ருல் ஹாஃபீ (ரஹ்) அவர்களின் சகோதரி, இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களிடம் வந்து ஒரு சட்டம் கேட்டார். இரவில் மாடியில் நூல் நூற்கும்போது ஆட்சியாளர்களின் தீவட்டி ஊர்வலம் வீதியில் போகிறது. அவர்களின் வெளிச்சத்தில் நூற்பது தமக்கு ஆகுமா என்பதே கேள்வி. கேட்டவர் யாரென்று அறிந்த இமாமவர்கள் அழுதுவிட்டார்கள். அவ்வெளிச்சத்தில் நூற்க வேண்டாம் என்று கூறி அனுப்பினார்கள். பிறருடைய வெளிச்சத்தைக் குறித்து அவர்கள் அஞ்சினார்கள். நாம் பிறருடைய நேரத்தைக் குறித்தாவது அஞ்ச வேண்டாமா? இந்த ஒரு வரிசை முடியட்டும் என்று அஸர் வக்து தவறிப்போனால் அது அல்லாஹ்வின் நேரம். பாடம் கேட்டு வந்த பிள்ளையை விரட்டிவிட்டுத் தைத்தால் அது பிள்ளையின் நேரம்.

கவனிக்க வேண்டிய சில சட்டங்கள்

தைப்போர் அறிந்திருக்க வேண்டிய சில விஷயங்களைச் சுருக்கமாகக் கூறுகிறோம். அசல் பட்டு பெண்களுக்கு ஆகும், ஆண்களுக்கு ஆகாது. பட்டாடை அணிவதையும் பட்டின் மீது அமர்வதையும் நாயகம் (ஸல்) அவர்கள் ஆண்களுக்குத் தடுத்ததாக ஹுதைஃபா (ரலி) அவர்களின் அறிவிப்பு உள்ளது. ஆகவே பழைய கல்யாணப் பட்டுச்சேலையை வெட்டித் தைக்கும் போர்வையை ஆண்களுக்குக் கொடுக்காமல் இருப்பதே பேணுதல். பட்டு என்ற பெயரில் விற்கும் செயற்கை இழைத் துணிகளுக்கு இச்சட்டம் இல்லை.

உயிருள்ளவற்றின் உருவங்களைத் தைப்பதைத் தவிர்க்க வேண்டும். உருவங்கள் இருந்த திரைச்சீலையைப் பெருமானார் (ஸல்) வெறுத்தபோது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைக் கிழித்துத் தலையணைகளாகத் தைத்துக்கொண்டார்கள். பூவும் கொடியும் கோணங்களும் நமக்குப் போதுமானவை. தொழுகை விரிப்புத் தைப்பவர்கள் வேலைப்பாட்டைக் குறைத்துக்கொள்வது நல்லது. கோலமிட்ட போர்வை ஒன்று தொழுகையில் தம் கவனத்தை ஈர்த்ததால், அதை அபூ ஜஹ்மு (ரலி) அவர்களிடமே திருப்பி அனுப்பிவிட்டு, அவர்களிடமிருந்த வேலைப்பாடில்லாத போர்வையை நாயகம் (ஸல்) வாங்கிக்கொண்டார்கள்.

நூற்றதைப் பிரித்தவள்

உறுதியாக நூற்ற நூலைத் தன் கையாலேயே பிரித்துத் துண்டு துண்டாக்கிய பெண்ணைப் போல் ஆகிவிடாதீர்கள் என்று அந்நஹ்ல் அத்தியாயத்தில் ஓர் உவமை வருகிறது. உடன்படிக்கைகளை முறிப்போருக்காக வந்த வசனம் அது. ஆயினும், செய்த நன்மையைத் தானே அழித்துக்கொள்ளும் எவருக்கும் அந்த உவமை பாடமாகும். ஏழைக்குப் போர்வை கொடுத்துவிட்டு, "நான் தைத்தது, நான் கொடுத்தது" என்று அவர் காதுபடச் சொல்லிக்கொண்டிருப்பவர், ஒரு மாதம் போட்ட தையலை ஒரு நொடியில் பிரித்துவிடுகிறார். சொல்லிக் காட்டுவதாலும் நோவினை செய்வதாலும் உங்கள் தர்மங்களை வீணாக்கிவிடாதீர்கள் என்ற திருமறையின் எச்சரிக்கை நம் நெஞ்சில் நிற்கட்டும்.

ஆகவே சகோதரிகளே, தையுங்கள்; மகிழ்ச்சியோடு தையுங்கள். ஊசியில் நூல் கோக்கும்போதே பிஸ்மில்லாஹ் கூறி, இது யாருடைய குளிரைப் போக்கப் போகிறது என்று ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். பாங்கு கேட்டதும் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுங்கள். பீரோவில் உறங்கும் துணிகளை எடுத்து, இவ்வாண்டு குளிர் வருமுன் ஒன்றையாவது முடித்து உரியவரிடம் சேர்த்துவிடுங்கள்.

நம் கைகளின் உழைப்பை ஏற்று, முகஸ்துதியை விட்டும் வீண்விரயத்தை விட்டும் நம்மைக் காத்து, மறுமையில் சுவர்க்கத்து ஆடைகளை அணிவிக்கப்படும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.